அட்ஜுடிகேட் என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முகப்பிலேயே மாலை வகுப்பு நடத்துகிறேன். பாடம் கேட்க வரும் பிள்ளைகள் ஒரு பக்கம். கையில் ஏதாவது ஒரு தாளோடு வந்து, "டீச்சர், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்று நிற்கும் அக்கம்பக்கத்தார் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாருக்கும் அடிக்கடி சிக்கல் தரும் ஒரு சொல் 'அட்ஜுடிகேட்'.

எதிர்வீட்டு ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் அனுப்பிய பவர் பத்திரத்தின் ஓரத்தில் பத்திர எழுத்தர் 'அட்ஜுடிகேஷன்' என்று பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார். பேரன் கைபேசியில் அகராதியைப் பார்த்து "தீர்ப்பு" என்று சொல்லிவிட்டான். பங்காளிகளில் யாரோ வீட்டின் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஆச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், இத்தனை வருடங்களில் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கத் தோன்றியது.

சுருக்கமாக, இதற்கு என்ன பொருள்?

முடிவு சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர், சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டு, ஆதாரங்களைப் பார்த்து, ஒரு விஷயத்தைத் தீர்த்து முடிப்பது. அதிகாரம் வேண்டும், கேட்க வேண்டும், முடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத் தேடுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.

எப்படி உச்சரிப்பது?

எழுத்தில் ஏ-க்கு அடுத்து ஒரு டி உண்டு. ஆனால் காதில் அது தனியாக விழாது, ஜே-யின் ஒலியோடு கரைந்துவிடும். 'அ-ஜூ-டி-கேட்' என்று, 'ஜூ'வில் அழுத்தம் கொடுத்துச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் நகர்ந்து 'கே'யில் விழும்: 'அஜூடி-கே-ஷன்'. காதில் விழாத அந்த டி-யைப் பிள்ளைகள் எழுதும்போதும் விட்டுவிடுகிறார்கள். தேர்வுத்தாளில் நான் அதிகம் திருத்திய பிழைகளில் இது ஒன்று.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. அந்த மொழியில் 'இயூஸ்' என்றால் சட்டம், 'டீகெரே' என்றால் சொல்வது. சட்டத்தைச் சொல்பவர் 'இயூடெக்ஸ்', அதாவது நீதிபதி. அந்த வேரிலிருந்துதான் ஜட்ஜ், ஜுடிஷியல், அட்ஜுடிகேட் எல்லாம் கிளைத்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நம் பழந்தமிழிலும் நீதிமன்றத்துக்கு 'அறங்கூறவையம்' என்று பெயர். அறத்தைக் கூறும் அவை. ரோமில் சட்டத்தைச் சொன்னார்கள், மதுரையில் அறத்தைக் கூறினார்கள். இரண்டு இடத்திலும் நீதி என்பது வாய்திறந்து சொல்லப்படும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. தமிழில் 'முறை செய்தல்' என்றும் ஒரு வழக்கு உண்டு. 'முறையிடுதல்', 'முறையீடு' என்று இன்றும் நாம் சொல்வது அதன் உறவுதான்.

ஜட்ஜ் என்ற எளிய வினை இருக்கும்போது இது எதற்கு?

ஜட்ஜ் என்ற வினை மிகவும் அகலமானது. சம்பந்தக்காரர்களை எடைபோடுவதும் ஜட்ஜ்தான், தூரத்தைக் குத்துமதிப்பாகக் கணிப்பதும் ஜட்ஜ்தான், கோலப்போட்டியில் மார்க் போடுவதும் ஜட்ஜ்தான். மனதுக்குள்ளேயே செய்து முடித்துவிடலாம், யாரும் உங்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டியதில்லை. அட்ஜுடிகேட் அப்படி இல்லை. கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரம் எப்படி இருந்தது என்று சொல்ல அதைப் போட்டால் படிப்பவர் குழம்பிப்போவார். அது உங்கள் கருத்து, அதற்கு ஜட்ஜ் போதும். அதே பணியாரத்தில் கலப்படம் இருந்ததா என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து அபராதம் விதித்தால், அவர் செய்வது அட்ஜுடிகேட்.

'ஆளைப் பார்த்து எடைபோடாதே' என்று நாம் சொல்வோமே, அந்த 'எடைபோடு' ஜட்ஜ். 'விசாரித்துத் தீர்ப்புச் சொல்' என்பது அட்ஜுடிகேட். இப்படி நினைவு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

சான்றிதழ்களில் 'அட்ஜட்ஜ்ட் தி பெஸ்ட் ஸ்பீக்கர்' என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

உடன்பிறந்தவை, ஆனால் வேலை வேறு. அட்ஜட்ஜ் மூத்தது. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அட்ஜுடிகேட் ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து லத்தீனிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. அட்ஜட்ஜ் என்பது முடிவை அறிவிப்பது: இவரே சிறந்த பேச்சாளர், இவர் குற்றவாளி, இந்தப் பணம் இன்னாருக்கு. அட்ஜுடிகேட் என்பது அந்த முடிவுக்கு வரும் விசாரணை முழுவதையும் சேர்த்துச் சொல்வது. ஆகவே உங்கள் மகள் பேச்சுப்போட்டியில் அட்ஜட்ஜ் செய்யப்படுகிறாள், போட்டியை நடுவர் அட்ஜுடிகேட் செய்கிறார். ஆளை நோக்கி ஒன்று, விவகாரத்தை நோக்கி இன்னொன்று. இதற்கு ஒரே ஒரு பெரிய விலக்கு திவால் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

'டீம்ட் யுனிவர்சிட்டி' என்பதில் 'டீம்' என்றும் ஒரு சொல் வருகிறதே?

ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் முளைத்த சொல் அது. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தீர்ப்பிடுவது என்றே பொருள். 'டூம்' என்ற சொல்லும் அதே வேர்தான், முதலில் அதற்கும் தீர்ப்பு என்றுதான் பொருள் இருந்தது. காலப்போக்கில் டீம் இளகி 'கருது', 'அப்படியே வைத்துக்கொள்' என்று ஆகிவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை ஆங்கிலத்தில் 'டீம்ட்' என்கிறார்களே, அதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பல்கலைக்கழகமாகக் கருதச் சொல்கிறது. அங்கே விசாரணையும் இல்லை, எதிர்த்தரப்பும் இல்லை.

வளவு வீட்டில் பாகத் தகராறு. ஊர்ப் பெரியவர் உட்கார்ந்து பேசி முடித்துவைத்தார். அதை அட்ஜுடிகேட் என்று எழுதலாமா?

நம் பக்கத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். முகப்பு பொது, பட்டாலை பொது, அறைகள் தனித்தனி, சாவிகள் ஆளுக்கொன்று. ஒருவர் விற்க நினைப்பார், இன்னொருவர் தூணைத் தொடக்கூடாது என்பார். அப்போது இரு பக்கமும் மதிக்கும் ஒருவரை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவது வழக்கம்.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இவரிடம் கொஞ்சம் இறங்கச் சொல்கிறார், அவரிடம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். "அண்ணன் சொன்னா கேட்டுக்கிறேன்" என்று ஒருவர் இறங்கி வந்தால்தான் பேச்சு முடிகிறது. ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்பது இருக்கிறது, அதிகாரம் இல்லை. ஆகவே அது 'மீடியேட்', நம் மொழியில் சமரசம். இதற்கென்றே 2023இல் தனியாக ஒரு மத்தியஸ்தச் சட்டமும் வந்திருக்கிறது.

இன்னொரு வகை உண்டு. "நீங்கள் என்ன சொன்னாலும் நாங்கள் இருவரும் கட்டுப்படுகிறோம்" என்று முதலிலேயே முச்சலிக்கா மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவர் முடிவு சொன்னால், அது 'ஆர்பிட்ரேட்'. அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர்கள் தகராறு செய்த அந்த இருவரே. 1996ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உரியது, அப்படிச் சொல்லப்பட்ட முடிவை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற முடியும்.

சிவில் கோர்ட்டுக்குப் போய், நீதிபதி சாட்சிகளை விசாரித்து, யாருக்கு எத்தனை பங்கு என்று சொன்னால், அதுதான் சந்தேகமில்லாத அட்ஜுடிகேட். அங்கே அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கிறது. எதிராளிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முடிவு அவரைக் கட்டும்.

லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம், இதில் எங்கே சேரும் என்றும் கேட்பார்கள். நீதிபதி உட்கார்ந்திருப்பார், உத்தரவும் வரும், அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது. ஆனாலும் அது அட்ஜுடிகேஷன் ஆகாது. இரு தரப்பும் சம்மதித்ததைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. லோக் அதாலத்துக்குத் தீர்ப்பளிக்கும் பணி கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்தச் சொல்லின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வந்த பவரை 'அட்ஜுடிகேஷன்' செய்யச் சொல்கிறார்கள். யார் மேல் வழக்கு?

யார் மேலும் இல்லை. முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள்.

1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுக்குத் தலைப்பே 'சரியான முத்திரைக் கட்டணம் எவ்வளவு என்று தீர்மானித்தல்' என்பதுதான். அந்தத் 'தீர்மானித்தல்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் அட்ஜுடிகேஷன் என்று போட்டிருக்கிறார்கள். உங்களிடம் ஒரு பத்திரம் இருக்கிறது. அதற்கு எவ்வளவு முத்திரைத்தாள் கட்டணம் என்று உரிய அதிகாரியிடம் கேட்கிறீர்கள். அவர் பத்திரத்தைப் படித்து, தேவைப்பட்டால் விவரம் கேட்டு, தொகையைச் சொல்கிறார். கட்டியதும், முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டது என்று பத்திரத்திலேயே சான்று எழுதிக் கொடுக்கிறார். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்கிறார்கள்.

வெளிநாட்டுப் பவருக்கு ஏன் இது கட்டாயமாக வருகிறது? சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கையெழுத்துப் போட்டு, இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பும் பத்திரத்தில் நம் ஊர் முத்திரை இருக்காது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை இடப்பட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு. அதனால் தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

அதிகாரம் உண்டு, கேட்பது உண்டு, முடிவு உண்டு. சண்டை மட்டும் இல்லை. அட்ஜுடிகேட் என்ற சொல்லுக்குச் சண்டை கட்டாயமில்லை என்பதை இங்கேதான் நான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் பல வருடங்கள் வகுப்பில் 'தகராறைத் தீர்ப்பது' என்று மட்டுமே சொல்லிவந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாதிப் பொருளைத்தான் கொடுத்திருக்கிறேன் என்ற வருத்தம் இன்னமும் உண்டு.

ஆச்சியிடம் இதை விளக்கியபோது, "அப்ப முத்திரைக்கு வெல போடுறதுன்னு சொல்லலாம்ல, அதை ஏன் இவ்வளவு பயமுறுத்துற மாதிரி எழுதணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்திர எழுத்தர்கள் 'முத்திரை மதிப்பீடு' என்று இரண்டு சொல் சேர்த்து எழுதினால் எத்தனையோ வீடுகளில் பயம் இருக்காது.

ஜி.எஸ்.டி. நோட்டீஸில் 'அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி' என்று இருக்கிறது. கைது செய்வார்களா?

பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வியர்த்துப்போய் வந்து கேட்டது இது. 2017ஆம் ஆண்டுச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், உத்தரவு போடும் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு அந்தப் பெயர். 'உன்னிடம் இவ்வளவு வரி பாக்கி இருப்பதாகத் தெரிகிறது, ஏன் வசூலிக்கக்கூடாது, காரணம் சொல்' என்று முதலில் நோட்டீஸ் வரும். நீங்கள் பதில் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பாதகமாக முடிவெடுக்க நினைத்தாலோ, நீங்கள் எழுதிக் கேட்டாலோ, நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதன் பிறகுதான் உத்தரவு. இந்த முழுப் போக்குக்கும் பெயர் அட்ஜுடிகேஷன்.

ஆகவே நோட்டீஸில் அந்தச் சொல்லைப் பார்த்தால், 'இன்னும் முடிவாகவில்லை, என் பக்கத்தையும் கேட்கப் போகிறார்கள்' என்று படித்துக்கொள்ளுங்கள். பதில் கொடுக்கும் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உத்தரவு கைக்கு வந்தபின் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். கணக்கு விவரங்களை உங்கள் ஆடிட்டர்தான் சொல்ல முடியும், சொல்லுக்கான பொருளை மட்டும் நான் சொல்கிறேன்.

பழைய பேப்பர்களில் 'அட்ஜுடிகேட்டட் இன்சால்வென்ட்' என்று இருக்கிறதே?

மஞ்சள் கடுதாசி. ஐ.பி. கொடுத்துவிட்டார் என்று நம் ஊரில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுவேதான்.

லேவாதேவி செய்த குடும்பங்களில் மரப்பெட்டியைத் திறந்தால் பேரேடு, ஐந்தொகைத் தாள்களோடு இப்படி ஒரு கோர்ட்டுத் தாளும் கிடைக்கும். பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்திருந்த இடங்களில் எல்லாம் கடன் வாங்கியவர் நொடித்துப்போவார், சில நேரம் கடையே நொடிக்கும். 1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது பர்மாவில் எத்தனையோ கடன்கள் அப்படியே நின்றன. அந்த வழக்குகளில் சில, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கின்றன.

சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், நம் பக்கம் போன்ற வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். 500 ரூபாய்க்குக் கடன் இருந்து கட்ட முடியாவிட்டால் கடன்பட்டவரே மனுக் கொடுக்கலாம் என்றது இரண்டாவது சட்டம். கோர்ட் விசாரித்து ஒத்துக்கொண்டால் 27ஆம் பிரிவின்படி 'ஆர்டர் ஆஃப் அட்ஜுடிகேஷன்' போடும். அந்த நிமிடத்திலிருந்து அவர் சொத்து அவருடையது இல்லை, கோர்ட்டின் பொறுப்புக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும்.

மேலே சொன்ன விலக்கு இதுதான். சாதாரணமாக ஒரு விவகாரத்தைத்தான் அட்ஜுடிகேட் செய்வோம். திவால் சட்டத்தில் மட்டும் ஓர் ஆளையே அட்ஜுடிகேட் செய்யலாம்: 'இவர் நொடித்தவர் என்று தீர்மானிக்கப்பட்டார்.' தமிழில் 'நொடித்தவராக அறிவித்து ஆணை' என்றால் சரியாக வரும். 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்திலும் இந்தச் சொல் தொடர்கிறது. கம்பெனிகளைப் பொறுத்தவரை அங்கே அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி என்பது தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாளைக் கண்டதும் பலர் வெட்கப்பட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த ஆணையில் குற்றம் என்று ஒன்றும் இல்லை. கட்ட முடியவில்லை என்று ஒருவர் மறைக்காமல் கோர்ட்டில் சொன்னார், கோர்ட் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஐயா பட்ட கஷ்டத்துக்கான ஆவணம் அது. பத்திரமாக வையுங்கள்.

பட்டிமன்ற நடுவர் அட்ஜுடிகேட்டரா?

ஆமாம், பொருத்தமாகவே சொல்லலாம். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் ஊர் இது. பட்டிமன்றம் இங்கே பலருக்குத் திருவிழா மாதிரி. பக்கத்திலேயே இருக்கும் குன்றக்குடியின் அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகளைப் பற்றி எங்கள் தலைமுறையில் பேசாதவர் இல்லை. நடுவர் இரண்டு அணியையும் கடைசிவரை கேட்கிறார், வாதங்களைத் தூக்கிப் பார்க்கிறார், முடிவில் தீர்ப்புச் சொல்கிறார். அந்த மேடைக்குள் அவருக்குத்தான் அதிகாரம். ஆங்கில விவாதப் போட்டிகளிலும் நடுவருக்கு அட்ஜுடிகேட்டர் என்றே பெயர். கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கிரிக்கெட் நடுவருக்கு மட்டும் போடாதீர்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார், இரு தரப்பு வாதம் கேட்பதில்லை.

கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு?

இது நம் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது காதில் விழும். கோயிலில் ஒருவருக்கு வழக்கப்படி மரியாதை உண்டா என்ற கேள்வியை, 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இணை ஆணையரிடம் கொண்டுபோகலாம். அந்தப் பிரிவு அட்ஜுடிகேட் என்ற சொல்லைப் போடாமல் 'விசாரித்து முடிவு செய்தல்' என்றுதான் சொல்கிறது. ஆனால் நடப்பது அதுவே. சட்டம் எளிய சொல்லில் எழுதியிருந்தால் நீங்களும் எளிய சொல்லிலேயே எழுதுங்கள். கனமான சொல்லைப் போடுவதால் மனுவுக்குக் கூடுதல் பலம் வராது.

வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது?

விவகாரத்தை நேரே அடுத்துப் போடலாம்: 'அட்ஜுடிகேட் தி டிஸ்பியூட்', 'அட்ஜுடிகேட் தி கிளெய்ம்'. இடையில் 'ஆன்' அல்லது 'அப்பான்' சேர்க்கலாம். இரண்டு தரப்பைச் சொல்ல வேண்டுமானால் 'பிட்வீன்'. 'அபௌட்' போடக்கூடாது. நாம் தமிழில் 'அதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்' என்று நினைத்துக்கொண்டு எழுதுவதால் அந்த அபௌட் வந்துவிடுகிறது. 'அட்ஜுடிகேட் ஹிம்' என்று ஆளைப் போடுவதும் தவறு, திவால் வழக்குத் தவிர.

அப்புறம், இது முழுக்க முழுக்க எழுத்துநடைச் சொல். வேலைக்கு நேர்முகத் தேர்வில் 'வீட்டில் தம்பி தங்கை சண்டையை அட்ஜுடிகேட் செய்வேன்' என்று ஒரு மாணவி பேசிப் பழகினாள். 'செட்டில்' என்று மாற்றச் சொன்னேன். உடனே இயல்பாகிவிட்டது.

தீர்ப்பு, தீர்ப்பாணை, அட்ஜுடிகேஷன் மூன்றும் ஒன்றா?

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதை அழகாகப் பிரிக்கிறது. இன்னின்ன காரணத்தால் இந்த முடிவு என்று நீதிபதி விளக்கி எழுதுவது 'ஜட்ஜ்மென்ட்', தீர்ப்புரை. அட்ஜுடிகேஷனின் முறையான வெளிப்பாடு 'டிகிரி', தீர்ப்பாணை. அதாவது தீர்மானித்தல் என்ற செயல் உள்ளே நடக்கிறது, அதற்கான காரணம் தீர்ப்புரையில் இருக்கிறது, அதன் பலன் தீர்ப்பாணையாக உங்கள் கைக்கு வருகிறது. பாக வழக்கில் முதலில் ஆளுக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். எந்த அறை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது இறுதித் தீர்ப்பாணையில். முதல் தாள் வந்ததுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து இருந்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மெடிக்கல் பில்லிங் வேலையில் 'கிளெய்ம் அட்ஜுடிகேஷன்' என்கிறார்களே?

மருத்துவமனை அனுப்பிய பில்லைக் காப்பீட்டு நிறுவனம் பாலிசியோடு ஒப்பிட்டு, முழுதாகக் கொடுப்பதா, குறைப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்வது. இப்போது பெரும்பாலும் கணினியே செய்கிறது. 'கோரிக்கை பரிசீலனை' என்றால் போதும்.

மலேசியாவில் கட்டட வேலைக்குப் போன பிள்ளை இதைச் சொல்கிறான். அங்கே வேறு பொருளா?

ஆமாம், அங்கே அது தனி நடைமுறையின் பெயர். ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராமல் இழுத்தடித்தால், கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் காத்திராமல், ஓர் அட்ஜுடிகேட்டர் விரைவாக முடிவு சொல்வார். பின்னால் நீதிமன்றமோ ஆர்பிட்ரேட்டரோ மாற்றும்வரை அந்த முடிவு கட்டும். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, அங்கே முடிவு சொல்லப் பொதுவாக 28 நாள். சிங்கப்பூரில் 2004, மலேசியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே சிறு ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார்கள், சிலர் பாக்கியை விட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிடுகிறார்கள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தமிழில் இதை எப்படி மொழிபெயர்ப்பது?

'நடுவர்' என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள் என்பேன். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளை அட்ஜுடிகேட் செய்வதற்காகவே 1956இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1990இல் அமைந்த காவிரித் தீர்ப்பாயத்தை நாம் 'காவிரி நடுவர் மன்றம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது 2007இல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 'நடுவர்' என்பதை ஆர்பிட்ரேட்டருக்கும் போடுகிறோம், பட்டிமன்றத்துக்கும் போடுகிறோம். படிப்பவருக்கு அது சட்டம் கொடுத்த அதிகாரமா, இருவர் ஒத்துக்கொண்டு கொடுத்ததா என்று தெரியாமல் போகிறது.

நான் எழுதும்போது கோர்ட், தீர்ப்பாயம் என்றால் 'விசாரித்துத் தீர்ப்பளி', வரி அதிகாரி என்றால் 'விசாரித்து உத்தரவிடு', முத்திரைக் கட்டணம் என்றால் 'தீர்மானி', போட்டி என்றால் 'நடுவராக இருந்து முடிவு சொல்' என்று இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறேன். 'விசாரித்து' என்பதை மட்டும் முடிந்தவரை விடுவதில்லை. அது போனால் 'தீர்ப்பு' மட்டும் நின்று, ஆச்சியைப் பயமுறுத்தியது போல யாரையாவது பயமுறுத்தும்.

'பிரெஜுடிஸ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பமா?

அதே குடும்பம். விசாரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்ட தீர்ப்பு என்பதுதான் அதன் வேர்ப்பொருள். வக்கீல் அனுப்பும் சமரசக் கடிதத்தின் தலையில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று இருந்தால், இதில் நான் இறங்கி வந்து பேசியதை வைத்துப் பின்னால் கோர்ட்டில் என் உரிமையைக் குறைக்கக்கூடாது என்று பொருள். பங்காளிக்குக் கடிதம் எழுதுபவர்கள், அந்த இரண்டு சொல்லையும் மேலே எழுதலாமா என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.